படுத்திருக்கையில் சரியாயிருந்த புருவம்

புருவத்துக்கு நிரந்தர மை ஏற்றுவது அவள் தொழில். வாசல் பலகையில் 'நிரந்தரம்' என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தாலும், வந்து உட்காருகிறவர்களிடம் அவள் முதலில் சொல்வது அந்த வார்த்தையை அப்படியே நம்பிவிட வேண்டாம் என்பதைத்தான். இரண்டு வருஷம் நிற்கும், தோலைப் பொறுத்து மூன்று. பிறகு வெளிறும். எந்த நிறத்துக்கு வெளிறும் என்பது ஏற்றிய மையையும் ஏற்றிய கையையும் பொறுத்தது.

மூக்குக் கண்ணாடிக் கடைக்கு மேலே இரண்டாவது மாடியில் அவளுடைய அறை. ஒரு சாய்வுக் கட்டில், வட்ட விளக்கு, கை கழுவும் தொட்டி, எப்போதும் இறக்கிவிடப்பட்ட ஜன்னல் திரை. பக்கத்து அறையில் பல் மருத்துவர். கதவு மாறி வருவது வாடிக்கை. ஒருநாள் ஒரு பெரியவர் நேராக வந்து கட்டிலில் படுத்து வாயைத் திறந்துகொண்டார். புருவம் பார்க்கிற இடம் என்று சொல்லிப் புரியவைப்பதற்குள் அவளுக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது.

அதற்கு முன் பதினோரு வருஷம் ஒரு கட்டிட நிறுவனத்தில் வரைபடம் வரைந்துகொண்டிருந்தாள். கோடு போடும்போது கை நடுங்காது. அந்தக் கையை நம்பித்தான் இந்தத் தொழிலில் இறங்கினாள். ஏழு வருஷத்தில் பேர் சொல்கிற அளவுக்கு வந்துவிட்டாள். ஒரே ஒரு விஷயத்தில் மட்டும் யாரையும் பேசவிட மாட்டாள். வேலை சரியாக வரவில்லை என்று யாராவது திரும்பி வந்தால், மேசை இழுப்பறையிலிருந்து ஒரு தாளை எடுத்து நீட்டுவாள். 'எதிர்பார்த்தபடி வராமல் போவது ஏன்' என்று தலைப்பு. கீழே ஒன்பது காரணங்கள். எண்ணெய்ப் பசையுள்ள தோலில் கோடுகள் பரவிவிடும். ஆறும்போது பொருக்கை உரித்தால் மையும் சேர்ந்து வந்துவிடும். வெயில், நீச்சல் குளம், முகத்தில் பூசும் சில களிம்புகள், ரத்தத்தை இளக்கும் மாத்திரைகள், ஏற்கெனவே வேறு இடத்தில் ஏற்றிய பழைய மை, இப்படி. ஒன்பதும் உண்மை. ஒன்பதிலும் குற்றவாளி வாடிக்கையாளர். இதை யாரும் கவனித்ததில்லை. எழுதியவளும் கவனிக்கவில்லை.

அவள் கணவன் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் பள்ளியில் பயிற்சி ஆசிரியர். பயந்தவர்களோடு நாள் முழுக்கப் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து உட்கார்ந்து, வீட்டில் எதற்கும் அலட்டிக்கொள்ளாத சுபாவம் வந்திருந்தது அவனுக்கு. அக்கா விஷயத்தில் மட்டும் அது செல்லாது. அவனைவிட ஒன்பது வயது மூத்தவர். அம்மா இறந்த பிறகு அவனுக்குப் பள்ளிக்கூடத்தில் கையெழுத்துப் போட்டதிலிருந்து பெண் பார்த்தது வரை எல்லாம் அவர்தான். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஒரு பெரிய மருத்துவமனையின் மருந்துப் பிரிவுக்குத் தலைமை மருந்தாளுநர். ரயிலில் நாற்பது நிமிஷ தூரத்தில் தனியாக இருந்தார். தம்பி அவருக்கு வைத்திருந்த பேர் 'மேலிடம்'. வீட்டுக்கு நாற்காலி வாங்குவதென்றால்கூட, "மேலிடத்துல கேட்டாச்சா?" என்பான்.

அவள் வரைபட வேலையை விட்டபோது மேலிடம் சொன்னது ஒரே வாக்கியம்: "மூஞ்சியில ஊசி குத்துறதுக்கா இவ்வளவு படிச்சே?" அதற்குப் பிறகு ஏழு வருஷமாக அந்தத் தொழிலைப் பற்றி அவர் வாயே திறக்கவில்லை. அதனால்தான், ஒரு காலையில் அவரே போனில் கூப்பிட்டு அந்த விஷயத்தை எடுத்தபோது அவளுக்கு ஒரு நிமிஷம் ஒன்றும் ஓடவில்லை.

"உன் வேலை எப்படி வருது?"

"எல்லாரும் நல்லா இருக்குன்னுதான் சொல்றாங்க, அண்ணி."

"எல்லாரும் சொல்றத விடு. நீ என்ன சொல்ற?"

"நல்லா வருது."

"அப்ப எனக்குப் பண்ணிவிடு. செவ்வாய்க்கிழமை லீவு போட்டிருக்கேன்."

இருபது வருஷத்தில் நாத்தனார் அவளிடம் ஒன்றைக் கேட்டது அதுதான் முதல் தடவை. கணவனிடம் சொன்னபோது அவன் சாப்பிடுவதை நிறுத்திவிட்டு, "எங்க அக்காவா?" என்றான். பிறகு, "பார்த்துப் பண்ணு" என்றான். அந்தச் செவ்வாய்க்கிழமைக்கு அவள் விளக்கைக்கூடக் கழற்றித் துடைத்து வைத்தாள்.

நாத்தனார் சொன்ன நேரத்துக்கு ஐந்து நிமிஷம் முன்னால் வந்தார். புருவங்கள் பென்சிலால் கச்சிதமாகத் தீட்டப்பட்டிருந்தன. இவ்வளவு நன்றாகத் தீட்டிக்கொள்கிறவருக்கு இது எதற்கு என்று அவளுக்குத் தோன்றியது. கேட்கவில்லை. இருபது கேள்விகள் கொண்ட படிவத்தை நீட்டினாள். அவர் மடமடவென்று நிரப்பினார். இல்லை, இல்லை, இல்லை. பதினான்காவது கேள்வி, முகத்தில் நரம்புக் கோளாறு எதுவும் உண்டா என்பது. அதற்கும் இல்லை. அவள் வாங்கி மேலோட்டமாகப் பார்த்துவிட்டு மேசையில் வைத்தாள். ஊர் முழுக்க மருந்துச் சீட்டைச் சரிபார்க்கிறவரின் படிவத்தை யார் சரிபார்ப்பது?

அவளுக்கென்று ஒரு முறை இருந்தது. முதலில் ஆளை நிமிர்ந்து உட்காரவைத்து, முகத்தைத் துடைத்து, பேசவைத்து, சிரிக்கவைத்து, அதற்குப் பிறகுதான் புருவத்தை வரைவாள். வரைந்ததைக் கண்ணாடியில் காட்டிச் சம்மதம் வாங்கி, பிறகு படுக்கவைத்து ஊசியை எடுப்பாள். படுத்தால் நெற்றித் தோல் பின்னால் சரியும். முகம் வேறு முகமாகிவிடும். பயிற்சி வகுப்பில் முதல் நாளே சொல்லிக்கொடுத்த பாடம் அது.

நாத்தனார் படிவத்தைக் கொடுத்ததும் நேராகக் கட்டிலில் படுத்துக்கொண்டார்.

"உக்காருங்க அண்ணி. வரைஞ்சுட்டு அப்புறம் படுக்கலாம்."

"காலையிலேருந்து தலை சுத்துது. படுத்துக்கிட்டே துடைச்சுக்கோ."

"ஒரு நிமிஷம்தான்."

"அளவு எடுக்க உன்கிட்ட ஸ்கேல் இருக்குல்ல?"

இருந்தது. வேறு யாராக இருந்தாலும், தலைச்சுற்றல் நின்ற பிறகு வாருங்கள் என்று அனுப்பியிருப்பாள். இவரை எப்படி அனுப்புவது? புருவத்திலிருந்த பென்சில் கோட்டைத் துடைத்தாள். ஸ்கேலையும் நூலையும் வைத்து அளந்து வரைந்தாள். இரண்டு பக்கமும் மயிரிழை பிசகாமல் ஒன்றாக வந்தன.

நிறத்தில் அடுத்த இழுபறி. அவள் அடர்பழுப்பை எடுத்தாள்.

"கறுப்பு. என் முடி கறுப்பு."

"அது சாயம் அண்ணி. கறுப்பு போட்டா நாளாக ஆக நீலம் பாயும். உங்களுக்கு எண்ணெய்த் தோல் வேற, கோடு பரவிடும்."

"பாயட்டும். அரைகுறையா ஒண்ணு செஞ்சா எனக்குப் பிடிக்காது."

இந்தத் தடவையும் அவள்தான் விட்டுக்கொடுத்தாள்.

இரண்டு மணி நேரம் ஊசி ஓடியது. மரத்துப்போகும் களிம்பையும் மீறி வலித்திருக்கும். நாத்தனார் முகத்தைச் சுளிக்கவே இல்லை. முடிந்ததும் கைக்கண்ணாடியைப் படுத்தபடியே வாங்கிப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார்.

"சரியா இருக்கு" என்றார்.

பிறகு எழுந்து, சுவரைப் பார்த்தபடி மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார். வழக்கமாக உட்காரவைத்து எடுக்கும் படத்தை அவள் எடுக்க முடியவில்லை. படுத்திருந்தபோது எடுத்த ஒன்றுதான் இருந்தது. அதில் புருவங்கள் அவ்வளவு அழகாக இருந்தன. கணவனிடம் காட்டினாள். "மேலிடமே பாராட்டிடுச்சா? அப்ப பெரிய விஷயம்தான்" என்றான் அவன்.

முதல் வாரம் மை கருகருவென்று இருக்கும். அடுத்த வாரம் பொருக்கு உதிரும். பிறகு, வெளிறி ஒன்றுமே இல்லாத மாதிரி தெரியும். நாலாவது வாரம் நிறம் மேலே வந்து நிலைக்கும். ஆறாவது வாரம் விட்ட இடங்களைத் திருத்த ஒரு தடவை வரவேண்டும். நாத்தனார் வரவில்லை. போன் செய்தால், "ஸ்டாக் எடுக்குற வேலை இருக்கு" என்றார். அடுத்த வாரம் மேலதிகாரிகள் வருகிறார்கள் என்றார். அதற்கடுத்த வாரம் போனை எடுக்கவில்லை. மாதம் ஒரு ஞாயிறு தம்பி வீட்டில் சாப்பிடுவது அவர் வழக்கம், அதுவும் நின்றது.

தம்பி ஒருநாள் நேரில் போய்ப் பார்த்துவிட்டு வந்தான். வந்தவன் செருப்பைக்கூடக் கழற்றாமல் நின்றான்.

"அக்கா நெத்தியில முடியை வெட்டி விட்டிருக்கு. கண்ணு வரைக்கும். ஸ்கூல் பிள்ளை மாதிரி."

"புருவம் எப்படி இருக்கு?"

"புருவம் எங்க தெரிஞ்சுது? நான் என்ன தப்புப் பண்ணேன்னு தெரியல, முகம் கொடுத்தே பேசல."

மறுநாள் அவள் தன் அறையில் உட்கார்ந்து அந்த ஒன்பது காரணங்களையும் ஒவ்வொன்றாக மனதுக்குள் ஓட்டிப் பார்த்தாள். எண்ணெய்த் தோல், அது ஒன்று. கறுப்பு கேட்டது அவர். பொருக்கை உரித்தாரோ என்னவோ. நியாயம் முழுக்கத் தன் பக்கம் இருப்பதாகக் கொஞ்ச நேரம் நிம்மதியாக இருந்தது.

அந்த வாரமே, நாத்தனாரின் மருத்துவமனையில் வேலை செய்யும் ஒரு கணக்கர் அம்மா, பதிந்து வைத்திருந்த நேரத்தை ரத்து செய்யப் போன் செய்தாள். அவள் காரணம் கேட்டாள். அந்த அம்மா முதலில் மழுப்பினாள்.

"தப்பா எடுத்துக்காதீங்க. மருந்து செக்ஷன் மேடத்துக்கு நீங்கதானே பண்ணீங்க? லிஃப்ட்ல பக்கத்துல நின்னு பார்த்தேன். ஒரு பக்கம் எதையோ கேள்வி கேக்குற மாதிரி இருக்கு. இன்னொரு பக்கம் வேலை முடிஞ்சு வீட்டுக்குப் போயிட்ட மாதிரி இருக்கு."

போனை வைத்த பிறகு அவள் அந்தப் படத்தை எடுத்துப் பெரிதாக்கிப் பார்த்தாள். இரண்டும் ஒன்றாகத்தான் இருந்தன. படத்தின் மேல் ஸ்கேலையே வைத்துப் பார்த்தாள். ஒன்றுதான். பிறகு பழைய படங்களைத் தேடினாள். ஐந்து வருஷத்துக்கு முன் எடுத்த ஒரு குடும்பப் படத்தில் நாத்தனார் தம்பியைத் திட்டிக்கொண்டிருந்தார். இரண்டு புருவமும் நெற்றியின் நடுவுக்கு ஏறியிருந்தன. போன வருஷம் எடுத்த படத்திலும் திட்டிக்கொண்டுதான் இருந்தார். வலது ஏறியிருந்தது. இடது பென்சில் கோடு மேலே இருந்தது. ஆனால் அந்தப் பக்கம் நெற்றியில் ஒரு சுருக்கம்கூட இல்லை. கண்ணாடிச் சட்டம் பாதியை மறைத்துவிட்டதால் இவ்வளவு நாள் கண்ணில் படவில்லை.

மறுநாள் வந்தவர்களை வேறு தேதிக்கு மாற்றிவிட்டு ரயில் ஏறினாள்.

மருந்துப் பிரிவு மருத்துவமனையின் கீழ்த்தளத்தில் இருந்தது. நீளமான கூடம், வரிசையாக நாற்காலிகள், எண் எரியும் பலகை. ஆறு ஜன்னல்கள். ஆறாவது ஜன்னலுக்குப் பின்னால் நாத்தனார் நின்று ஒரு முதியவருக்கு மருந்து விளக்கிக்கொண்டிருந்தார். அவள் இயந்திரத்தில் ஒரு சீட்டைக் கிழித்துக்கொண்டு தூணுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். அங்கிருந்து பக்கவாட்டில் நன்றாகத் தெரிந்தது.

முதியவருக்குக் காது கேட்கவில்லை போலிருக்கிறது. நாத்தனார் குரலை உயர்த்தும்போதெல்லாம் நெற்றி முடி விலகியது. வலது புருவம் ஏறி இறங்கியது. இடது அசையவில்லை. அது வலதைவிட ஒரு விரற்கடை கீழே, கண்ணிமைக்கு மேல் ஒரு பாரம் போல உட்கார்ந்திருந்தது. கறுப்பு வேறு, இருந்த இடத்தை இன்னும் எடுத்துக் காட்டியது. கோடுகள் அங்கங்கே பரவி ஒட்டிக்கொண்டு, ஓரத்தில் நீலம் கசியத் தொடங்கியிருந்தது. அவள் கையிலிருந்து போனதில் இவ்வளவு மோசமான வேலையை அவள் பார்த்ததில்லை. தோல், வெயில், களிம்பு எதுவும் இதைச் செய்யவில்லை. உட்காரவைத்து ஒரு நிமிஷம் பேசவைத்திருந்தால் அன்றைக்கே தெரிந்திருக்கும்.

எண் எரிந்தது. எண்பத்தேழு. அவள் எழுந்து ஆறாவது ஜன்னலுக்குப் போனாள்.

நாத்தனார் நிமிர்ந்து பார்த்தார். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

"சீட்டு?"

"மருந்துச் சீட்டு இல்ல, அண்ணி."

"அப்ப தள்ளி நில்லு. பின்னாடி ஆள் நிக்குறாங்க."

தள்ளி நின்றாள். ஒரு மணிக்கு நாத்தனார் ஜன்னலை மூடிவிட்டு, பக்கத்துக் கதவைத் திறந்து தலையை அசைத்தார். உள்ளே அட்டைப் பெட்டிகள் கூரை வரை அடுக்கிய சேமிப்பறை. குளிரூட்டும் பெட்டி உறுமிக்கொண்டிருந்தது. உட்கார இரண்டு முக்காலிகள். நாத்தனார் ஒன்றில் உட்கார்ந்து, கண்ணாடியைக் கழற்றி, நெற்றி முடியைக் கையால் மேலே தள்ளிக்கொண்டார்.

"பாரு. இதைப் பார்க்கத்தானே வந்தே."

அவள் பார்த்தாள். "எப்பலேருந்து அண்ணி?" என்றாள்.

"ரெண்டு வருஷம். ஒருநாள் காலையில வாய் கொப்பளிச்சேன், தண்ணி ஒரு பக்கமா வழிஞ்சுது. கண்ணாடியில பார்த்தா பாதி முகம் என்னுது இல்ல. முகவாதம்னு சொன்னாங்க. முக்கால்வாசிப் பேருக்கு முழுசா சரியாயிடும்னாங்க. எனக்கு வாய் சரியாச்சு, கண்ணு மூடுது. இது மட்டும் ஏறல."

"ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி வெளியூர் ட்ரெய்னிங் போறேன்னு எங்ககிட்ட சொன்னீங்களே, அது?"

"அப்பதான். பதினொரு வாரம். போன்ல பேசினா வார்த்தை குழறும்னு மெசேஜ் மட்டும் அனுப்பினேன். உன் புருஷன் பதிலுக்குக் கட்டை விரல் படம் அனுப்பிக்கிட்டே இருந்தான்."

அவளுக்குச் சிரிப்பும் வந்தது. அது வந்ததே என்று கூச்சமாகவும் இருந்தது.

"ஏன் சொல்லல அண்ணி?"

"சொன்னா வந்து பக்கத்துல உக்காந்து அழுவான். அவன் அழுதா நான்தான் தேத்தணும். அந்த மூஞ்சியை வச்சுக்கிட்டு எப்படித் தேத்துறது?" நாத்தனார் கண்ணாடியை மறுபடி போட்டுக்கொண்டார். "தினமும் பென்சில்ல ஏத்தி வரைஞ்சு சமாளிச்சேன். நாப்பது நிமிஷம் ஆகும். நீ போட்டா அந்த நாப்பது நிமிஷம் மிச்சம்னு நெனச்சேன். உன்கிட்ட சொன்னா பண்ண மாட்டே, அவன்கிட்டயும் போய்ச் சொல்லிடுவே. படுத்தா சமமா தெரியும்னு எனக்குத் தெரியும். சமமா வரைஞ்சு மை ஏத்திட்டா அப்படியே நிக்கும்னு ஒரு எண்ணம். படிச்சவதான். இருந்தும் அப்படித்தான் நெனச்சேன்."

குளிரூட்டும் பெட்டி உறுமலை நிறுத்திவிட்டு மறுபடி தொடங்கியது.

"இப்ப இடது பக்கத்தை மட்டும் கொஞ்சம் மேல ஏத்திப் போட்டுவிடு" என்றார் நாத்தனார். அது கட்டளை மாதிரிதான் வந்தது. ஆனால் கடைசியில் குரல் இறங்கியது.

"முடியாது அண்ணி."

"ஏன்?"

"ஏற்கெனவே இருக்குறது அங்கேயேதான் இருக்கும். மேல ஒண்ணு போட்டா ஒரே பக்கத்துல ரெண்டு புருவம் ஆயிடும். இதை முதல்ல எடுக்கணும். லேசர்ல எடுக்குற தோல் டாக்டர் இருக்காங்க. மாசக்கணக்குல ஆகும்." அவள் நிறுத்தினாள். அடுத்ததைச் சொல்வது இதைவிடக் கஷ்டமாக இருந்தது. "உங்களை உக்கார வச்சுப் பார்த்திருக்கணும். பார்க்காதது என் தப்பு."

"நான்தான் வேண்டாம்னேன்."

"வேற யாராவது வேண்டாம்னு சொல்லியிருந்தா திருப்பி அனுப்பியிருப்பேன். நீங்க கேட்டு வந்துட்டீங்கன்னு எனக்குத் தலை கால் புரியல. கறுப்பும் அப்படித்தான். கூடாதுன்னு தெரிஞ்சே போட்டேன்."

இருபது வருஷத்தில் எத்தனையோ விஷயத்துக்கு அவளைக் குறை சொன்ன நாத்தனார் இப்போது கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

"எந்தக் கிழமை போகணும்?" என்றார்.

வியாழக்கிழமைகளில் போனார்கள். தோல் மருத்துவர் முதல் பார்வையிலேயே, "நல்ல வேளை, கறுப்பு. கறுப்பை எடுக்குறதுதான் சுலபம். பழுப்பா இருந்தா செங்கல் நிறத்துக்குப் போய் உயிரை வாங்கும்" என்றார். நாத்தனார் அவள் பக்கம் திரும்பி, "கேட்டியா?" என்றார். அந்த ஒரு விஷயத்தில் தன் பேச்சு ஜெயித்ததில் அவருக்கு ஒரு திருப்தி.

லேசர் சுடும். ரப்பர் பட்டையை இழுத்து அடிக்கிற மாதிரி இருக்கும் என்று மருத்துவர் சொன்னார். முதல் அடிக்கு நாத்தனார் அவள் மணிக்கட்டைப் பிடித்தார், முடிகிறவரை விடவில்லை. வெளியே வந்ததும் அது நடக்காதது மாதிரி, "உன் கை ரொம்ப ஒல்லி, சாப்பிடுறியா இல்லையா?" என்றார். ஒவ்வொரு தடவைக்கும் நடுவில் ஏழெட்டு வாரம் இடைவெளி. இடைப்பட்ட வியாழக்கிழமைகளில் அவள் போய் நாத்தனாருக்கு மருந்து போட்டுவிட்டுத் திரும்புவாள். ரயிலடியில் டீ குடிப்பார்கள். பேசுவதற்கு அதிகம் இருந்ததில்லை. ஆனால் பேசாமல் இருப்பதும் முன்பு போல உறுத்தவில்லை.

வீட்டில் கணவனுக்குத்தான் மண்டை வெடித்தது.

"எங்க அக்காவும் நீயும் வாரா வாரம் எங்க போறீங்க?"

"கடைக்கு."

"வெறுங்கையோட வர்றே."

"பிடிச்ச மாதிரி ஒண்ணும் கிடைக்கல."

அவன் நம்பவில்லை. ஆனால் இரண்டு பெண்களும் சேர்ந்து ஒன்றை மறைத்தால் அதைத் தோண்டக் கூடாது என்கிற அளவுக்கு அவனுக்கு அனுபவம் இருந்தது.

இதற்கிடையில் அவள் தன் அறையில் அந்தத் தாளை மறுபடி எடுத்து வைத்துக்கொண்டு பார்த்தாள். ஒன்பது காரணங்களுக்கு மேலே இன்னும் மூன்றைச் சேர்த்தாள். உட்காரவைத்து வரையாமல் விட்டது. பொருந்தாத நிறத்துக்குச் சம்மதித்தது. படிவத்தை வாசிக்காதது. வாடிக்கையாளர்கள் அதை வாசித்துவிட்டு அவளை ஒரு மாதிரி பார்த்தார்கள். இரண்டு பேர் எழுந்தே போய்விட்டார்கள். போகட்டும் என்று விட்டுவிட்டாள். மற்றவர்களிடம் படிவத்தை வரி வரியாக வாசித்துக் கேள்வி கேட்கத் தொடங்கினாள். அதில் தெரிந்தது, பாதிப் பேர் ஏதாவது ஒன்றை மறைத்துக்கொண்டுதான் வந்து படுக்கிறார்கள் என்பது.

பத்து மாதத்தில் கறுப்பு போய்ச் சாம்பல் நிழலாகி, அதுவும் கரைந்தது. தோல் ஆறி முடிந்த பிறகு ஒருநாள் நாத்தனார் மாடியேறி வந்தார். இந்தத் தடவை கட்டில் பக்கம் போகாமல் நாற்காலியில் உட்கார்ந்தார். கண்ணாடியைக் கழற்றினார். ஜன்னல் திரையை அவளே ஏற்றிவிட்டாள்; வட்ட விளக்கு எதையும் அழகாகத்தான் காட்டும்.

"பேசுங்க அண்ணி."

"என்ன பேச?"

"எதையாவது. யாரையாவது திட்டுங்க."

நாத்தனார் கொஞ்சம் யோசித்துவிட்டு, எழுத்து புரியாமல் மருந்துச் சீட்டு எழுதும் டாக்டர்களைப் பிடித்துக்கொண்டார். ஆறு நிமிஷம் ஓடியது. அவள் எதிரே உட்கார்ந்து, எது ஏறுகிறது, எது நிற்கிறது, எங்கே சுருக்கம் விழுகிறது என்று பார்த்துக் குறித்துக்கொண்டாள். பிறகு சொன்னாள்.

"ரெண்டும் ஒண்ணா வராது. இப்பவே சொல்லிடறேன். சும்மா இருக்கும்போது கிட்டத்தட்ட சமமா காட்டலாம். நீங்க பேசினா வலது ஏறிடும். அதை மையால ஒண்ணும் பண்ண முடியாது."

"அப்ப எதுக்குப் பண்ணணும்?"

"பண்ணணும்னு இல்ல."

நாத்தனார் ஜன்னலைப் பார்த்தார். கீழே கண்ணாடிக் கடைக்காரர் பலகையைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"எவ்வளவு வித்தியாசம் தெரியும்?"

"சும்மா இருந்தா ரெண்டு மில்லிமீட்டர். கோபம் வந்தா ஒரு விரற்கடை."

"நான் எப்ப சும்மா இருந்திருக்கேன்?" என்றார் நாத்தனார். "சரி, பண்ணு. பழுப்பே போடு."

மூன்று தடவை வரவைத்து, ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் கொஞ்சமாக, மெல்லிய முடிக்கோடுகளாக ஏற்றினாள். எண்ணெய்த் தோலுக்குப் பயந்து இடைவெளி விட்டு விட்டு. நாலு கோடு போட்டதும் உட்காரவைத்துப் பார்ப்பாள், மறுபடி படுக்கவைப்பாள். "என்னை உடற்பயிற்சி பண்ண வைக்கிற" என்றார் நாத்தனார். ஆறிய பிறகு பார்த்தால் பிரமாதம் என்று சொல்ல முடியாது. வலது நன்றாக வந்திருந்தது. இடது அதைவிடக் கொஞ்சம் வெளிறி, கொஞ்சம் தாழ்ந்து இருந்தது. முன்பின் தெரியாதவர்கள் கவனிக்க மாட்டார்கள். தெரிந்தவர்கள் கவனிப்பார்கள். நாத்தனார் கண்ணாடியில் பார்த்துவிட்டு, "சொன்ன மாதிரியே இருக்கு" என்றார். பாராட்டா, குறையா என்று அவளுக்குப் பிடிபடவில்லை.

அடுத்த ஞாயிறு அவர் சாப்பிட வந்தார். நெற்றி முடி வளர்ந்து பின்னால் வாரப்பட்டிருந்தது. தம்பி எதிரே உட்கார்ந்தான். சாப்பாட்டுக்கு நடுவில் அக்காவைப் பார்த்தான்; தட்டைப் பார்த்தான்; மறுபடி அக்காவைப் பார்த்தான்.

"அக்கா, இடது பக்கம் கொஞ்சம் கீழ இருக்கோ?" என்று கேட்டுவிட்டு, மனைவியின் வேலையைக் குறை சொன்ன மாதிரி ஆகிவிட்டதே என்று அவள் பக்கம் பயந்து பார்த்தான்.

"ஆமா" என்றார் நாத்தனார். "அது விழுந்து மூணு வருஷத்துக்கு மேல ஆச்சு. இவ வேலை இல்ல அது. எனக்கு முகவாதம் வந்துச்சு."

"எப்ப?"

"ட்ரெய்னிங் போறேன்னு சொன்னேன்ல, அப்ப."

அவன் கையிலிருந்த டம்ளரைக் கீழே வைத்தான். அழப்போகிறான் என்று அவள் நினைத்தாள். நாத்தனாரும் அப்படித்தான் நினைத்திருக்க வேண்டும். நாற்காலியில் கொஞ்சம் நிமிர்ந்து தயாரானார். அவன் எழுந்து போய் முகத்தைக் கழுவிவிட்டு வந்தான். வந்து உட்கார்ந்தவன், வண்டி ஓட்டத் தெரியாமல் வந்து உட்காருகிறவர்களிடம் பேசுகிற குரலில், நிதானமாக, அக்காவைக் கேட்கத் தொடங்கினான்.

"எந்த டாக்டர் பார்த்தாரு?"

நாத்தனார் பேரைச் சொன்னார்.

"யாரு கூட இருந்தா?"

"யாரும் இல்ல."

"யாரு சமைச்சா?"

"நானே."

"ராத்திரி எப்படித் தூங்கினே?"

"மூடாத கண்ணுக்கு டேப் ஒட்டிக்கிட்டு."

"இப்ப ஏதாவது மருந்து எடுக்குறியா?"

"விட்டமின்தான்."

"என்ன விட்டமின்? பேர் சொல்லு. எத்தனை வேளை? சாப்பாட்டுக்கு முன்னாடியா பின்னாடியா?"

அவரைப் போய் யாரும் இப்படிக் கேட்டு அவள் பார்த்ததில்லை. இப்போது எரிந்து விழுவார் என்று காத்திருந்தாள். நாத்தனாரின் வலது புருவம் ஏறியது. பிறகு இறங்கியது.

"பின்னாடி" என்றார்.

அவன் தலையாட்டிவிட்டு, அவர் தட்டில் இன்னும் கொஞ்சம் சாதம் வைத்தான்.